அதிக உதிரப்போக்குக்கு யுனானி மருந்துகள்: கேள்வி பதில்

கேள்வி: மாதவிடாயில் அதிக உதிரப்போக்கை யுனானியில் ‘கஸ்ரத்தே தம்ஸ்’ என்பார்கள். அப்படி எப்போது சொல்வார்கள்?

பதில்: ஏழு நாளைத் தாண்டிப் போனாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 2.5 செ.மீ.க்கு மேல் பெரிய இரத்தக் கட்டிகள் விழுந்தாலோ அதிகம்தான். மருந்துக்கு முன் காரணம் தெரிய வேண்டும்: கருப்பை நார்க்கட்டி, தைராய்டு, காப்பர் டி, இரத்தம் உறைவதில் கோளாறு. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், மாதவிடாய் நின்றபின் வரும் போக்கு, மயக்கம், இதில் எது இருந்தாலும் பொடியைத் தொடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பொடி எப்படிக் கூட்டுவது?

பதில்: குல்னார் எனும் மாதுளம்பூ 10 கிராம், கருவேலம் பிசின் 10, தம்முல் அக்வைன் எனும் சிவப்புப் பிசின் 5, காவிக்கல் 5. வேளைக்கு 3 கிராம், காலை மாலை. 30 கிராம் ஐந்து நாளுக்கு வரும். அஞ்சபார் எனும் துவர்ப்பு வேரில் செய்த ஷர்பத் 20 மி.லி.யில் குழைத்துக் கொடுப்பது வழக்கம். ஹகீம் (யுனானி மருத்துவர்) நாடி பார்த்து அளவைக் கூட்டுவார், குறைப்பார்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இடித்தால் கெட்டுவிடும். தம்முல் அக்வைன் பிசின் என்பதால் இடிக்கும் சூட்டிலேயே இளகி உரலில் அப்பிக்கொள்ளும். தனியாக, சிறிது சிறிதாக, குளிர்ந்த வேளையில் பொடித்துத் துணியில் சலித்து, கடைசியில் கலக்க வேண்டும்.

கேள்வி: காவிக்கல்லே இரும்புதானே, தனியாக இரும்பு மாத்திரை எதற்கு?

பதில்: அது இரும்பு ஆக்சைடு. தண்ணீரில் கரையாது, குடலில் ஏறுவது மிகக் குறைவு. இழந்ததை ஈடுகட்ட மாத்திரை வேண்டும். ஆனால் பொடியையும் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். மாசிக்காய்ப் பொடி கரைத்த நீரில் இரும்பு மாத்திரையைப் போட்டுப் பாருங்கள், கறுத்துவிடும். அந்தக் காலத்து எழுதும் மை இந்தச் சேர்க்கைதான். துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டால் உடம்புக்கு என்ன மிஞ்சும்? குல்னாரும் அஞ்சபாரும் இதே ரகம். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கேள்வி: இதே நோய்க்குத் தரும் கஹ்ருபா (அம்பர் எனும் புதைபடிவப் பிசின்) அசலா என்று எப்படித் தெரியும்?

பதில்: பாரசீகத்தில் ‘வைக்கோலை இழுப்பது’ என்று பொருள். துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். பிளாஸ்டிக்கும் இழுக்குமே! அதனால் அது மட்டும் போதாது. 100 மி.லி. தண்ணீரில் 20 கிராம் உப்பைக் கரைத்துப் போடுங்கள். கண்ணாடி மூழ்கும், கஹ்ருபா மிதக்கும். இளம் பிசினும் மிதக்கும். ஆனால் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் பிசுபிசுக்கும், அசல் அப்படி ஆகாது.

கேள்வி: கில்லே அர்மனி எனும் ஆர்மீனியச் செம்மண் மருந்தைக் கழுவினால் அதிலுள்ள ஈயம் போய்விடுமா?

பதில்: போகாது. நீரில் கலக்கி, அடியில் தங்கும் மணலை விட்டு, மேல் கலங்கலை வடித்து உலர்த்துவது கல்லையும் கசடையும் நீக்கத்தான். ஈயம் மண்ணோடு மண்ணாகவே வரும். ஆய்வகச் சான்று இல்லாத மண் மருந்தை வாங்காதீர்கள்.

கேள்வி: உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையும் எடுக்கிறேன், பொடியோடு சேர்க்கலாமா?

பதில்: மாத்திரை எழுதியவருக்கும் ஹகீமுக்கும் இரண்டையும் சொல்லாமல் சேர்க்காதீர்கள். முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.