இரும்பு-கந்தகக் கொத்து (பல புரதங்கள் வேலை செய்யத் தேவையான, இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு அணுத் தொகுதி) சோதனைக் குழாயில் தானாகவே உருவாகிறது என்றால், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சாப்பரோன் (மற்ற புரதங்களுக்குத் துணை செய்யும்) புரதம் எதற்கு?

இதே கேள்வியை என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். பாதியிலேயே நிறுத்தி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அன்று முடிக்க முடியாத பதிலை இங்கே முடிக்கிறேன்.

நீங்கள் அநேகமாக உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறீர்கள். எச்எஸ்பி70 என்ற சாப்பரோன் வகை என்றால் புரதங்களை மடிக்க உதவுவது என்று பாடத்தில் இருந்திருக்கும். அதை வைத்து யோசித்தால் குழப்பம்தான் வரும். இந்த இடத்தில் சாப்பரோன் கொத்தைக் கட்டுவதில்லை. கட்டி முடித்ததைக் கழற்றி அடுத்த கைக்குக் கொடுக்கிறது.

ஈஸ்ட்டில் இசு1 என்ற புரதம்தான் கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி. என்எஃப்எஸ்1 என்ற நொதி சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கந்தகத்தை எடுத்துத் தர, இரண்டு இரும்பும் இரண்டு கந்தகமும் உள்ள கொத்து இசு1 மேல் உருவாகிறது. அப்புறம்தான் சாப்பரோனின் துணைப் புரதமான ஜாக்1 வருகிறது. இசு1-இல் என்எஃப்எஸ்1, ஜாக்1 இரண்டும் ஒட்டும் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, அதனால் ஜாக்1 ஒட்ட என்எஃப்எஸ்1 விலக வேண்டும். ஜாக்1 கூட்டிவரும் இசு1-ஐ, ஏடிபியைச் செலவழித்து எஸ்எஸ்க்யூ1 என்ற எச்எஸ்பி70 இறுகப் பிடிக்கிறது. இசு1-இல் அது பிடிக்கும் இடம் லியூசின், புரோலின், புரோலின், வாலின், லைசின் என்ற ஐந்து அமினோ அமிலத் துண்டு. கொத்து அடுத்த புரதமான ஜிஆர்எக்ஸ்5-க்குக் கைமாறுகிறது.

ஆதாரம்? 2003-இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் ரோலண்ட் லில் குழு ஈஸ்ட்டுக்குக் கதிரியக்க இரும்பு-55 கொடுத்துப் பார்த்தது. என்எஃப்எஸ்1-ஐக் குறைத்தால் இசு1 மேல் இரும்பு குறைந்தது. ஆனால் ஜாக்1, எஸ்எஸ்க்யூ1, ஜிஆர்எக்ஸ்5 மூன்றில் எதைக் குறைத்தாலும் இசு1 மேல் இரும்பு கூடியது! கட்டுவதில் தடையில்லை, கழற்றத்தான் ஆளில்லை. இதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் என்னை நிறுத்தினார்கள்.

குழாயில் தானாக உருவாவது உண்மைதான், நானே செய்திருக்கிறேன். ஆனால் அதற்கு நாம் ஊற்றும் அளவு சல்பைடு செல்லுக்குள் இருந்தால் சுவாசச் சங்கிலியே முடங்கும். முதல் வருடம் இசு1-ஐத் தூய்மைப்படுத்தியபோது நல்ல பழுப்பு நிறத்தில் வந்தது, அது கொத்தின் நிறம். குளோவ் பாக்ஸுக்கு (ஆக்சிஜன் இல்லாமல் கையுறை வழியே வேலை செய்யும் பெட்டி) வெளியே, ஐஸ் மேல்தான் வைத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் வெளுத்துவிட்டது. ஆக்சிஜன் பட்டாலே உடையும் பொருள் கைவிட்டுக் கைமாறித்தான் போக முடியும், தனியாக மிதந்து போக முடியாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

குளோவ் பாக்ஸ் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அதன் ரப்பர் கையுறையில் ஓட்டை. புதிதாக வாங்க ஏழு மாதம். மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்று கோப்பு திரும்பித் திரும்பி வந்தது. விற்பவர் ஒருவர்தான் இருந்தார். அந்த ஏழு மாதத்துக்கும் உதவித்தொகையின் காலம் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே ஆராய்ச்சி மாணவர்கள் ஏன் தாமதிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் முதலில் அந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும்.

சரி, நான்கு இரும்புக் கொத்துக்கு ஐஎஸ்ஏ புரதங்கள் வேண்டுமே, அதை விட்டுவிட்டேனே என்று யாராவது வருவார்கள். தெரிந்தேதான் விட்டேன், கேள்வி அதுவல்ல. மனிதரில் எஸ்எஸ்க்யூ1 இல்லையே என்பார்கள். ஆமாம், இல்லை. அந்த வேலையையும் மைட்டோகாண்ட்ரியாவின் எச்எஸ்பி70 ஆன எச்எஸ்பிஏ9 பார்க்கிறது, கூட ஜாக்1-இன் இடத்தில் எச்எஸ்சிபி. எச்எஸ்பிஏ9 மரபணு பழுதானால் பிறவி சிடரோபிளாஸ்டிக் ரத்தசோகை வரலாம் என்று 2015-இல் காட்டினார்கள். அந்த நோயில் இரும்பு, ரத்தச் சிவப்பணு ஆகப்போகும் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் தேங்கி, உட்கருவைச் சுற்றி வளையமாகத் தெரியும்.

உங்கள் தேர்வில் இது வந்தால் மார்பர்க் சோதனையிலிருந்தே தொடங்குங்கள், இடைமறித்தாலும் முக்கியமானது சொல்லியாகிவிடும்.