காகித விளக்கைக் கணினியிலேயே வடிவமைத்துவிட்டால் போதாதா? கையாலும் மாதிரி செய்து பார்ப்பது நேர விரயம் இல்லையா?

நீங்கள் வடிவமைப்புப் படிக்கும் மாணவர் என்று எடுத்துக்கொள்கிறேன். இரவெல்லாம் உட்கார்ந்து ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் அழகாக ஒன்றைச் செய்து முடித்திருப்பீர்கள். மறுநாள் காலையில் ஆசிரியர் அதை அரைப்பார்வை பார்த்துவிட்டு, "தாளில் மடிச்சுக் காட்டு" என்று சொல்லியிருப்பார். அந்த எரிச்சல் எனக்கும் இருந்தது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

என் விளக்கு, குறுக்கே வரிசை வரிசையாகச் சாய்சதுர மடிப்புகள் ஓடும் ஓர் உருளை. மெல்லிய குழாயை மேலிருந்து நசுக்கினால் தானாகவே விழும் மடிப்பு அது. யோஷிமுரா மடிப்பு என்பார்கள். 100 செ.மீ.க்கு 70 செ.மீ. தாள், 120 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 120 கிராம். ரைனோவுக்குள் இருக்கும் கிராஸ்ஹாப்பரில் வரைந்து, பொருள் எப்படி அசையும் என்று கணக்கிட்டுக் காட்டும் கங்காருவை ஓடவிட்டால் திரையில் அக்கார்டியன் மாதிரி விரியும், சுருங்கும். எல்லா வரிசையும் ஒரே அளவு திறக்கும். உள்ளே ஒரு விளக்கை வைத்து ரெண்டர், அதாவது நிஜம் போலவே தெரியும் கணினிப் படம், எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் ஆஹா என்றார்கள்.

கையால் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மூன்றில் ஒரு பங்கு அளவில் குட்டி மாதிரி ஒன்று செய்தேன். அதுவும் திரையில் இருந்தது போலவே தொங்கியது. இரண்டும் ஒத்துப்போகிறதே, இனி என்ன என்று மிதப்பில் இருந்துவிட்டேன்.

முழு அளவில் மடிக்க இரண்டு நாள் பிடித்தது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோடு கோடாக அழுத்தி, ஒவ்வொரு கோட்டையும் விரல் நகத்தால் நீவி மடிக்க வேண்டும். இரண்டாம் நாள் மாலை கட்டை விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை. தூக்கி மாட்டினேன். மேலே உள்ள நான்கு வரிசைகள் நன்றாகத் திறந்து கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டன. கீழே உள்ளவை மூடியபடியே கொத்தாக நின்றன. விளக்கு மாதிரி இல்லை, பாதி உருவிய காலுறை மாதிரி இருந்தது. வேலையை மதிப்பிடும் ஜூரிக்கு இன்னும் மூன்று நாள்.

யோசித்தால் காரணம் சின்னப்பிள்ளைத்தனமானது. முழு விளக்கின் தாள் மட்டும் 84 கிராம். மேல் மடிப்பு தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் தாங்குகிறது, கடைசி மடிப்பு எதையும் தாங்குவதில்லை. அப்புறம் எப்படி எல்லாம் ஒரே அளவு திறக்கும்? குட்டி மாதிரியின் தாள் 10 கிராம்கூட இல்லை. எடை ஒன்பதில் ஒரு பங்கு, தாளின் தடிமன் மட்டும் அதே. அதனால் மடிப்புகள் அசையாமல் நின்றன. குட்டி மாதிரி பொய் சொன்னது என்று அப்போது திட்டினேன். அது உண்மையைத்தான் சொன்னது, நான்தான் அளவை மறந்துவிட்டேன். திரையில் நான் எடையையே போடவில்லை.

"கங்காருவில் எடை போட வழி இருக்கிறதே, உனக்கு மென்பொருள் தெரியவில்லை, அவ்வளவுதான்" என்று ஒருவர் வருவார். இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எடையைப் போட்டால் மட்டும் போதாது. மடிப்பு எவ்வளவு விறைப்பானது என்றும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை எங்கே போய் எடுப்பீர்கள்? அதே தாள், அதே பேனா, அதே அழுத்தம், இதற்கு அட்டவணை எதுவும் கிடையாது.

நான் செய்தது இதுதான். அதே தாளில் 5 செ.மீ. அகலப் பட்டை ஒன்றை வெட்டி, ஆறு மடிப்பு மடித்து, மேசை விளிம்பில் ஒட்டித் தொங்கவிட்டேன். நுனியில் ஒரு காகிதக் கிளிப் மாட்டி நீளத்தை அளந்தேன். அப்புறம் இரண்டு கிளிப், மூன்று கிளிப். பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி போனில் படம் எடுத்து வைத்தேன். திரையிலும் அதே பட்டையை வரைந்து, அதே எடை கொடுத்து, நீளம் ஒத்துப்போகும்வரை விறைப்பு எண்ணை நகர்த்தினேன். அந்த எண்ணோடு முழு விளக்கை ஓடவிட்டதும் திரையிலும் காலுறை வந்தது! அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது?

அதன் பிறகு கணினியின் அருமை தெரிந்தது. வரிசையின் உயரம் குறைந்தால் மடிப்பைத் திறக்கும் நெம்பு விசையும் குறையும். ஆகவே மேல் வரிசைகளைக் குறுகலாகவும் கீழே போகப் போக அகலமாகவும் ஆக்கினேன். மேலே 2.2 செ.மீ., கீழே 3.5 செ.மீ. இந்த எண்ணுக்கு வந்து சேர முப்பது தடவையாவது ஸ்லைடரை நகர்த்தியிருப்பேன். கையால் முப்பது தடவை மடித்திருந்தால் விரலே மிஞ்சியிருக்காது. எனவே கணினி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம்.

இதற்கு நடுவில் அச்சு சதி செய்தது. மடிப்புக் கோடுகளைப் பல ஏ4 தாள்களில் அச்சிட்டு ஒட்டி, பெரிய தாளின் மேல் வைத்து ஊசியால் குத்திப் புள்ளி எடுத்தேன். இரண்டு பக்கங்களை மட்டும் மறுபடி அச்சிட்டபோது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு தானாக விழுந்திருந்தது. 97 சதவீதம். 20 செ.மீ.க்கு 6 மி.மீ. குறைந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தை ஒட்டும்போதுதான் கோடுகள் சேரவில்லை. அச்சிட்டதும் ஒரு கோட்டையாவது ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

ஸ்கேல் என்றதும் ஞாபகம் வருகிறது. என் இரும்பு ஸ்கேலை இரவல் வாங்கிய ஒரு புண்ணியவான், அதன் விளிம்பில் கத்தியை ஏற்றிப் பல் விழ வைத்துத் திருப்பிக் கொடுத்தார். 'தேங்க்ஸ்' வேறு. விளிம்பில் பல் இருந்தால் பேனா அந்த இடத்தில் துள்ளும், மடிப்பு அங்கேயே கிழியும். இரவல் கேட்பவர்களுக்கு இதெல்லாம் புரியாது.

சரி, ஜூரி. விளக்கு ஒரே சீராகத் தொங்கியது. வந்தவர்கள் அதன் கீழே நின்றுகொண்டு, பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த இன்னொருவரின் ரெண்டர் படத்தைப் பத்து நிமிடம் புகழ்ந்தார்கள். அந்த விளக்கு தாளாகப் பிறக்கவே இல்லை. என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அந்தக் கறுப்புக் கோடு எதற்கு?" ஒட்டுப்பட்டை. தாள் இரண்டு மடங்கு தடிமன், வெளிச்சம் போட்டால் நிழலாகத்தான் விழும். ரெண்டரில் ஒட்டு என்ற ஒன்றே இல்லாததால் அது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஜப்பானிய-அமெரிக்கச் சிற்பி இசாமு நோகுச்சி 1951இல் ஜப்பானின் கிஃபுவில் தொடங்கிய அக்காரி என்ற காகித விளக்குகளை அதற்கப்புறம்தான் கவனித்துப் பார்த்தேன். மர அச்சின் மேல் மூங்கில் கீற்றைச் சுற்றி, தாளை ஒட்டி, காய்ந்ததும் அச்சைக் கழற்றி எடுக்கிறார்கள். பலவற்றின் உள்ளே ஒரு கம்பிச் சட்டம் தாளை விரித்துப் பிடிக்கிறது. தாளை நம்பித் தொங்கவிடவே இல்லை. இதை முதலில் பார்த்திருந்தால் என் மூன்று இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் விளக்கு நான்கு நாளில் இன்னும் 2 செ.மீ. இறங்கியது. மடிப்பு மெல்லத் தளரும், ஈரக்காற்று அடித்தால் இன்னும் தளரும். இதை என் கங்காரு கணக்கு சொல்லவில்லை, ஒரு மணி நேரம் தொங்கிய கிளிப் பட்டையும் சொல்லவில்லை. கடைசியில் உள்ளே இரண்டு நூல் கட்டி நிறுத்தினேன். நீங்கள் பட்டையைத் தொங்கவிட்டால் மூன்று நாளாவது விட்டுவைத்து, அப்புறம் அளவு எடுங்கள்.