பெரிய மியூசியங்களைப் பார்த்தவர்கள் கிராமத்தில் இருக்கும் சின்ன ரோமானிய மியூசியத்துக்குப் போவது வீண் வேலையா?

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் பார்த்தாகிவிட்டது, இனி ஏதோ ஒரு கிராமத்து மியூசியத்துக்காக ஒரு நாளைச் செலவழிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு போங்கள். நாங்கள் தெரியாமல் போய் முதல் பத்து நிமிடம் திருதிருவென்று முழித்தோம்.

நாங்கள் போனது ராக்போர்ன். ஹாம்ப்ஷயரில், ஃபோர்டிங்பிரிட்ஜ் பக்கம். சௌதாம்ப்டனில் மூன்று வருடமாகக் குடியிருந்தும் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. காரை விட்டு இறங்கியதும் என் பையன் கேட்டான், "வீடு எங்கேப்பா?" நியாயமான கேள்விதான். சுமார் 40 அறைகள் இருந்த பெரிய பண்ணை வீடு அது, ரோமானியர் காலத்து வில்லா. ஆனால் தோண்டியதில் பெரும்பகுதியைச் சிதையாமல் இருப்பதற்காகத் திரும்ப மண் போட்டு மூடிவிட்டார்கள். வானம் தோண்டுவதற்கு முன்னால் கொத்தனார் சுண்ணாம்புக் கோடு போட்டு வைப்பாரே, அந்த மாதிரி சுவர் இருந்த இடங்களைப் புல்லில் அடையாளம் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இடம் கண்டுபிடிக்கப்பட்ட கதை பையனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 1942இல் ஒரு விவசாயி, முயல் பிடிக்க வளைக்குள் விட்ட ஃபெரெட் (நம் கீரி மாதிரி இருக்கும்) உள்ளேயே தங்கிவிட, அதை வெளியே எடுக்கத் தோண்டியிருக்கிறார். வந்தது ஓட்டுத் துண்டுகளும் சிப்பி ஓடுகளும். கடல் அங்கிருந்து நல்ல தூரம், சிப்பி எப்படி வந்தது? விஷயம் ஃபோர்டிங்பிரிட்ஜைச் சேர்ந்த மோர்லி ஹெவிட் காதுக்குப் போனது. பெரிய பேராசிரியர் எல்லாம் இல்லை, நிலம் வீடு விற்கும் தொழிலில் இருந்தவர், பழம்பொருள் பைத்தியம். 1956 முதல் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு வருடா வருடம் கோடையில் தோண்டினார். இன்றைய முறைப்படி மண் அடுக்குகளைச் சரியாகப் பதிவு செய்யவில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்களுக்கு அவர்மேல் வருத்தம் உண்டு. அவர் இல்லையென்றால் இது வெறும் மேய்ச்சல் நிலமாகவே இருந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்த ஒரு பயணத்தையே நியாயப்படுத்தியது ஓடுகள்தான். சிரிக்காதீர்கள். குளிர்காலத்தில் தரைக்கு அடியில் சூடான காற்றை ஓடவிட ரோமானியர்கள் தரையைக் குட்டையான தூண்கள்மேல் தூக்கிக் கட்டுவார்கள். வழக்கமாகச் சதுரச் செங்கலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அந்தத் தூண்களை எழுப்புவார்கள். இங்கே கூரைக்குப் போடும் வளைந்த ஓடுகளை இரண்டிரண்டாக முகத்துக்கு முகம் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். அந்த ஓடு அச்சு அசல் நம் நாட்டு ஓடு மாதிரியே இருக்கிறது, ஒரு முனை அகலம், ஒரு முனை கொஞ்சம் குறுகல். கையில் கிடைத்ததை வைத்து வேலையை முடித்த மேஸ்திரி எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்!

இன்னொன்று மைல்கற்கள். ரோமானியப் பேரரசர் டிரேஜன் டீசியஸ் (ஆண்டது கி.பி. 249–251) பெயரில் ஒன்று, இரண்டாம் டெட்ரிகஸ் பெயரில் ஒன்று. பேரரசர் பெயர் வெட்டிய கல்லைச் சாலையோரத்திலிருந்து பெயர்த்து வந்து வீட்டுக் கட்டுமானத்தில் போட்டிருக்கிறார்கள். நம் பக்கம் கல்வெட்டு துவைக்கிற கல்லாகப் போனதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

1967இல் இரண்டு கைப்பிடி வைத்த ஒரு பானையில் 7,717 நாணயங்கள் கிடைத்தன. பெரும்பாலும் 3ஆம் நூற்றாண்டில் வெள்ளியின் அளவைக் குறைத்துக் குறைத்துக் கிட்டத்தட்ட வெறும் செம்பாகிவிட்ட காசுகள். அப்புறம் பக்கத்து நியூ ஃபாரஸ்ட் சூளைகளில் சுட்ட குவளைகள். கருஞ்சிவப்பாக, லேசான மினுமினுப்போடு, வயிற்றுப் பகுதியில் சுற்றிலும் விரலால் அழுத்திய பள்ளங்கள். அழகுக்குத்தான் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையை அப்படிப் பிடிப்பது மாதிரி வைத்துப் பார்த்தால், விரல்கள் அந்தப் பள்ளங்களில்தான் போய் உட்காரும். பிரிட்டிஷ் மியூசியத்திலும் இதுபோல நிறைய இருக்கும், ஆனால் நாற்பது அலமாரிகள் தாண்டி வந்த களைப்பில் யார் நின்று பார்க்கிறார்கள்? இங்கே கதவைத் திறந்தால் அந்தக் குவளையில் குடித்தவர் நடந்த புல்தரை.

சரி, நடைமுறை விஷயம். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கார் இல்லாமல் கஷ்டம். மழை பெய்திருந்தால் புல் சொதசொதவென்று இருக்கும், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வெளியே பார்ப்பதை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம், நாங்கள் மியூசியத்துக்கு உள்ளேதான் அதிக நேரம் இருந்தோம்.

குழந்தைகளுக்குச் சின்னச் சின்னக் கலர் கற்களைப் பதித்துப் படம் போட்ட மொசைக் தரைதான் வேண்டும், ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் இங்கே வராதீர்கள், சிசெஸ்டர் பக்கம் ஃபிஷ்போர்ன் போய்விடுங்கள். 1960இல் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிப்பட்ட அரண்மனை அது, தரைகளை மேலே கூரை போட்டுப் பாதுகாக்கிறார்கள். எங்கள் பையன் அங்கே வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஆனால் வீட்டுக்கு வந்து படம் வரைந்தது ஃபெரெட்டைத்தான்.