அமெரிக்க அனிமே பெட்டி டர்பனில் ஓடாதது ஏன்?

தட்டு பெரும்பாலும் பழுதா இருக்காது; மாத்தித் தரச் சொன்னாலும் அடுத்ததும் ஓடாம போகலாம். அமெரிக்காவிலிருந்து வரவழைச்ச ப்ளூ-ரே பெட்டி டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டு ப்ளேயர்ல ஓடலைன்னு எழுதியிருந்தீங்க. பெரும்பாலும் மண்டலப் பூட்டுதான், அதாவது ஒரு மண்டலத்துக்குன்னு வித்த தட்டு வேற மண்டலத்து ப்ளேயர்ல ஓடாதபடி செஞ்சிருக்கிறது. அமெரிக்காவும் ஜப்பானும் ஏ மண்டலம், நம்ம தென்னாப்பிரிக்கா பி.

பின்னட்டை அடியில இருக்கிற சின்ன முத்திரையைப் பாருங்க. ஏ மட்டும் இருந்தா இதுதான் காரணம். ஏ, பி, சி மூணும் இருந்தா தட்டை மெல்லிய துணியால நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைச்சுட்டு மறுபடி போடுங்க.

அடுத்த தடவை பிரிட்டன் பதிப்பு வாங்குங்க, அதுவும் பி. முன்னெல்லாம் மூணு நாலு எபிசோடு ஒரு தட்டுன்னு வித்தாங்க, தப்பா வாங்கினா நஷ்டம் கொஞ்சம். இப்போ பெரும்பாலும் முழு சீசனும் ஒரே பெட்டி. ஏமாந்தா மனசே விட்டுப்போகும்.

ப்ளூ-ரே இல்லாம டிவிடியா இருந்தா, கம்ப்யூட்டர் ட்ரைவோட மண்டலத்தை மாத்தலாம், ஆனா 5 தடவைதான். அப்புறம் அப்படியே பூட்டிக்கும்.