அப்பா இறந்த தேதியை நீங்களே எழுதிவிடாதீர்கள்

கேள்வி: அப்பா 2008இல் சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போனார். 2015 பொங்கலுக்குப் பிறகு போனும் இல்லை, பணமும் இல்லை. அம்மா தையல் தைத்துத்தான் எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். 2019இல் பாட்டி இறந்தபோதும் அப்பா வரவில்லை. 2021இல் ஊர்க்காரர் ஒருவர் அவரைத் தம்மாமில் பார்த்ததாகச் சொன்னார், நாங்கள் நம்பவில்லை. வீடு அப்பா சம்பாதித்து வாங்கியது, அவர் பெயரிலேயே இருக்கிறது. மூலப் பத்திரமும், அப்பா சார்பில் செயல்பட அவர் எழுதிக் கொடுத்த பவரும் (அதிகாரப் பத்திரம்) சித்தப்பாவிடம். மாடி கட்டப் பணம் போட்டேன் என்று பாதி கேட்கிறார். ஏழு வருடம் தாண்டிவிட்டதே, இறப்புச் சான்று வாங்கி வீட்டை விற்கலாமா?

பதில்: அம்மா பட்ட பாட்டையும் சித்தப்பா பேசிய பேச்சையும் கோர்ட் கேட்காது. உங்கள் கடிதத்தில் வழக்கைத் தீர்மானிப்பது அந்தத் தம்மாம் வரி ஒன்றுதான்.

ஏழு வருடம் என்பது அவர் விமானம் ஏறிய நாளிலிருந்தோ, பணம் நின்ற நாளிலிருந்தோ ஓடுவதில்லை. உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி இயல்பாகவே கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழு வருடம் எதுவும் கேள்விப்படாமல் இருக்க வேண்டும் (பழைய சாட்சியச் சட்டம் பிரிவு 108, இப்போது பாரதிய சாட்சிய அதிநியமம் பிரிவு 111). 2021இல் கேள்விப்பட்டோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சு உண்மை என்றால் கணக்கு 2028 வரை ஓடும். இதை மறைத்து, அப்பா இறந்ததாக அறிவிக்கக் கேட்டுக் கோர்ட்டில் பிராது (வழக்கு மனு) போட்டால் சித்தப்பா அந்த ஊர்க்காரரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவார், குறுக்கு விசாரணையில் உங்கள் அம்மாதான் திணறுவார்.

அதைத் தாண்டினாலும் இன்னொரு குழி இருக்கிறது. என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்தது இதில்தான். பிராதில் "2015இல் இறந்துவிட்டார்" என்று எழுதிவிடுவார்கள். ஏழு வருடம் ஆனால் சட்டம் ஊகிப்பது மரணத்தை மட்டும்தான், மரணத் தேதியை அல்ல. எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேதி சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சரி, நிரூபித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2015இல் பாட்டி உயிரோடு இருந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன் சொத்தில் தாயும் முதல் வகுப்பு வாரிசு. அம்மா, நீங்கள் மூன்று பேர், பாட்டி என்று ஐந்து பேர், ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. அவர் இறந்ததும் அந்தப் பங்கில் சித்தப்பாவும் வந்து உட்காருவார். இன்றைக்கு அண்ணன் சொத்தில் தம்பிக்கு வாரிசுப் பங்கே கிடையாது. நீங்கள் எழுதும் தேதிதான் அவருக்கு ஒரு பங்கை உண்டாக்கும்.

பவரை நினைத்துத் தூக்கம் கெடுக்காதீர்கள். சித்தப்பா விற்கப் போனால் சார்பதிவாளர் அப்பாவின் உயிர்ச்சான்று கேட்பார். அப்பா இறந்திருந்தால் பவரும் அவரோடு போய்விட்டது. இறப்புச் சான்று "ஏற்பாடு" செய்து தருகிறேன் என்று வரும் புரோக்கரை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்பா ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினால் கிரயம் செல்லாது, பணம் கொடுத்தவர் உங்கள் மேல் கிரிமினல் புகார் கொடுப்பார்.

இப்போதைக்கு விற்கும் எண்ணத்தை விடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் அப்பாவைத் தேடச் சொல்லிப் பதியுங்கள், உள்ளூர்க் காவல் நிலையத்திலும் காணவில்லை என்று புகார் கொடுங்கள். எந்தப் பதில் வந்தாலும் அது ஆவணம்.

சித்தப்பாவிடம் சமாதானமாகப் போங்கள், கசந்தாலும் பரவாயில்லை. பாதி வீடெல்லாம் பேச வேண்டாம். மாடிக்கு அவர் போட்ட காசுக்குச் சிமெண்ட் பில், கொத்தனார் கணக்கு கேளுங்கள். ஒரு தொகை பேசி வங்கி வழியாகக் கொடுத்து, பவரைப் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதி வாங்கி, மூலப் பத்திரத்தையும் கைக்குக் கொண்டுவாருங்கள். அவரோடு மூன்று கோர்ட் ஏறி இறங்கும் செலவில் அந்த மாடியை இன்னொரு முறை கட்டலாம்.

அதற்கெல்லாம் முன்னால், அந்த ஊர்க்காரரை நீங்களே போய்ப் பாருங்கள். எந்த வருடம், எந்த இடம், பேசினாரா, தூரத்தில் பார்த்தாரா என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பிராது அப்புறம்.