ஆத்துப் பாலத்துல கூட்ஸ் வண்டி தடம் புரண்டா ஏன் உடனே ஆத்துக்குள்ள விழறதில்ல?

தடம் புரள்றதுன்னா சக்கரம் தண்டவாளத்த விட்டு எறங்குறது, அவ்ளோதான், வண்டி கவுந்தாதான் தடம் புரண்டதுன்னு இல்ல. சக்கரத்தோட உள்பக்கம் ஒரு விளிம்பு இருக்கு, அதுதான் பிடிமானம். தண்டவாளம் கோணிப்போனாலோ ஸ்ப்ரிங் உடைஞ்சாலோ அந்த விளிம்பு தண்டவாளத்து மேல ஏறிடும், காலி வேகன்னா பாரம் கம்மி, இன்னும் சுலபமா ஏறும்.

கேரளாவுல ஷொர்ணூர்கிட்ட பாரதப்புழா ஆத்துப் பாலத்து மாதிரி எடத்துல பாருங்க, ரெண்டு தண்டவாளத்துக்கு உள்ள இன்னொரு ஜோடி ஓடும், பாலம் தொடங்குறதுக்கு முன்னாடியே முனை ரெண்டும் நடுவுல வளைஞ்சு சேர்ந்திருக்கும். அதுதான் கார்டு ரெயில். எறங்குன சக்கரம் தண்டவாளத்துக்கும் இதுக்கும் நடுவுல சிக்கி, தண்டவாளத்துக்கு அடியில குறுக்கா கெடக்குற ஸ்லீப்பர் கட்டை மேலயே தடதடன்னு ஓடும், பாலத்து ஓரத்துக்குப் போகாது. கெணத்து கைப்பிடிச்சுவர் மாதிரிதான், கால் வழுக்குறத அது தடுக்காது, உள்ள விழறதத்தான் தடுக்கும். ஆனா ரொம்ப வேகத்துல வந்தா இதுவும் தாங்கும்னு சொல்ல முடியாது, அதனால பாலத்துக்கு முன்னாடி இருக்குற லைன நல்லா வெச்சுக்கறதுதான் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

இந்த கார்டு ரெயில சில பேர் பழைய மீட்டர்கேஜ் (அகலம் கம்மியான பழைய லைன்) தண்டவாளம்னு நினைச்சுக்கலாம், அப்படி இல்லங்க, அது மேல எந்த வண்டியும் ஓடாது.