இருபதாயிரம் ரூபாய் நன்கொடையில் ஒரு ஊர்க்குழு என்ன செய்துவிட முடியும்?

கோத்தகிரிப் பக்கம் தேன் எடுக்கும் குழுவுக்கு இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போதும், சரியான இடத்தில் போட்டால்.

வங்கிக் கடன் என்றால் தவணை ஓடும். தேன் வருவதோ பருவத்தில் மட்டும். நன்கொடைக்கு அந்த நெருக்கடி இல்லை. வடிகட்டும் துணி, மூடியுள்ள பாத்திரம், தராசு, பாட்டில் வாங்கினாலே, தேனை அப்படியே வியாபாரியிடம் கொடுக்காமல் நீங்களே வடித்து விற்கலாம். கைவேலைக்கும் இதே கதைதான். நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருள் இந்த இடத்துக்கே உரியது என்ற சட்ட அடையாளம், கிடைத்தது. பெயர் வந்தது சரி, ஆனால் நூலும் துணியும் வாங்கக் கையில் காசு வேண்டுமே! சின்னத் தொகை உதவுவது அங்கேதான்.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி வாங்கும் நிறுவனம் அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. மலையூர்க் குழுக்களுக்கு இது பெரிய அடி என்பது என் எண்ணம். அதனால் பணம் உள்நாட்டு நிதிதானா என்று முதலில் கேளுங்கள். சங்கமாகப் பதிய ஏழு பேர் போதும். அப்புறம் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, ஒரு வரவு செலவு நோட்டு. பஸ் டிக்கெட்டைக்கூட அதில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை கேட்கப் போகும்போது அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.